மீள்குடியேற்றம் முடிந்துவிட்டது என்கிறார்கள், காணி இன்னும் வேலிக்குள்: அரசின் கடமை எங்கே முடிகிறது?

புலம்பெயர்ந்த வாசகர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இதுதான். அவருடைய அம்மாவின் குடும்பம் 1990-ல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியது. போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. மீள்குடியேற்றம் ஏறத்தாழ முடிந்துவிட்டதாக அதிகாரிகள் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுடைய காணி இன்னும் இராணுவ வேலிக்குள் கிடக்கிறது. இதில் அரசுக்குச் சட்டப்படி கடமை ஏதும் இருக்கிறதா, அல்லது மனமிரங்கித் தந்தால்தான் உண்டா?

கடமைதான். அதில் சந்தேகமே வேண்டாம். சண்டையெல்லாம் அந்தக் கடமை எப்போது முடிகிறது என்பதில்தான். ஆட்களைப் பேருந்தில் ஏற்றி ஊருக்குள் இறக்கிவிட்டதும் முடிகிறதா? தகரமும் அரிசியும் கொடுத்ததும் முடிகிறதா? வீடு கட்டிக் கொடுத்ததும் முடிகிறதா? காணி உரியவர் கைக்கு வரும்வரை முடிவதில்லை என்பது என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நம் பேச்சில் முகாமில் இருந்தவர் எல்லாரும் 'அகதி'தான். சட்டத்தில் எல்லை தாண்டியவர் மட்டுமே அகதி. தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் இருப்பவர் அகதி. வவுனியாவில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவரும், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமில் இருந்தவரும் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள். எல்லை தாண்டியவருக்கு இன்னொரு நாடு ஓரளவாவது பொறுப்பேற்கிறது. நாட்டுக்குள்ளேயே இருப்பவரை, அவரைத் துரத்திய போரில் ஒரு தரப்பாக நின்ற அதே அரசுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு வரும் சிக்கல்களில் பாதி இங்கேயிருந்துதான் முளைக்கிறது.

'மீள்குடியேற்றம்' என்ற சொல்லும் இரட்டைப் பொருள் கொண்டது. ஐ.நா. அகதிகள் அமைப்பின் பேச்சில் அது, அகதி ஒருவரைக் கனடா, நோர்வே போன்ற மூன்றாவது நாடொன்றில் குடியமர்த்துவது. அப்படி ஆளெடுத்தே ஆக வேண்டும் என்று 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. நம் ஊரில் மீள்குடியேற்றம் என்றால் சொந்த ஊருக்குத் திரும்புவது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு 'மீள்குடியேற்றம் எந்த அரசுக்கும் கடமை இல்லையாமே' என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது முதலாவதுக்குச் சரி. இரண்டாவதுக்கு முழுத் தவறு.

சரி, கடமை எங்கே எழுதியிருக்கிறது? உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகள் 1998-ல் ஐ.நா. மனித உரிமைகள் ஆணைக்குழு முன் வைக்கப்பட்டன. சூடான் நாட்டு இராஜதந்திரி பிரான்சிஸ் டெங் தலைமையில் எழுதப்பட்டவை, மொத்தம் 30. அதில் 28-வது கோட்பாடு, இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் விருப்பத்தோடும் பாதுகாப்பாகவும் கண்ணியத்தோடும் வீடு திரும்பும் நிலைமையை உருவாக்குவது அதிகாரத்தில் இருப்பவர்களின் முதன்மைக் கடமை என்கிறது. திரும்ப விரும்பாதவர் நாட்டின் வேறு பகுதியில் குடியேற வழிசெய்வதும் அதே கடமையின் பகுதி. 29-வது, விட்டுப்போன சொத்தை மீட்டுத் தர உதவ வேண்டும், முடியாவிட்டால் நட்டஈடு தர வேண்டும் என்கிறது. 'முடியாவிட்டால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மீட்டுத் தருவதுதான் முதலில். காசைக் கையில் கொடுத்து 'போய்விட்டு வா' என்பது இரண்டாவது.

இவை ஒப்பந்தம் அல்ல, எந்த நீதிமன்றமும் நேரடியாக அரசைக் கட்டிவைக்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஆபிரிக்க நாடுகள் மட்டும் 2009-ல் கம்பாலா உடன்படிக்கை மூலம் இதைக் கட்டுப்படுத்தும் சட்டமாக்கிக்கொண்டன. ஆனால் இலங்கை அரசியலமைப்பின் 14-வது உறுப்புரை, நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தருகிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980-ல் சேர்ந்தது. போதாததற்கு, போரால் இடம்பெயர்ந்தோருக்கான நிலையான தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கை ஒன்றை 2016 ஆகஸ்டில் அமைச்சரவையே ஏற்றுக்கொண்டது. தானே எழுதிக் கையெழுத்திட்ட தாள். ஆகவே 'வெளிநாட்டுக்காரன் சொன்னதை நாங்கள் ஏன் கேட்க வேண்டும்' என்ற பதில் இங்கே எடுபடாது.

விருப்பத்தோடு, பாதுகாப்பாக, கண்ணியத்தோடு. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைப் பாருங்கள்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்த மூன்று லட்சத்துக்குக் கிட்டிய மக்கள் பெரும்பாலும் மெனிக் பாமில் முள்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். வெளியே போய்வர அனுமதி கிடைத்தது அந்த வருடம் டிசம்பரில்தான். அப்புறம் கட்டம் கட்டமாக மக்களை அனுப்பினார்கள். 25,000 ரூபாய் உதவித்தொகை, கொஞ்சம் தகரம், ஆறு மாதத்துக்கு உலர் உணவு. பல இடங்களில் ஆட்களை முதலில் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ உறவினர் வீட்டிலோ இறக்கினார்கள். அந்த நிமிடமே பதிவேட்டில் அவர்கள் 'மீள்குடியேறியவர்' ஆகிவிட்டார்கள். முகாமை விட்டு வெளியேறியவர் எத்தனை பேர் என்பதை அரசு எண்ணியது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்பதற்கு அந்த அட்டவணையில் நிரலே இல்லை.

2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களில் முல்லைத்தீவு கேப்பாப்பிலவு மக்களும் இருந்தார்கள். அவர்களுடைய கிராமத்தில் இராணுவத் தலைமையகம் இருந்தது. அதனால் அவர்களை வேறோர் இடத்தில் காடு வெட்டிக் குடியமர்த்தி அதற்கு 'மாதிரிக் கிராமம்' என்று பெயர் வைத்தார்கள். கணக்கில் அவர்களும் மீள்குடியேறிவிட்டார்கள். சொந்தக் காணி நடந்துபோகும் தூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி கடைசியில் விமானப்படை முகாமுக்கு முன்னால் தெருவோரம் குந்தினார்கள். ஒரு மாதம் பனியிலும் வெயிலிலும் பிள்ளைகளோடு கிடந்த பிறகு காணி கிடைத்தது. அதைப் பார்த்துக் கேப்பாப்பிலவு மக்களும் மார்ச் முதலாம் தேதி உட்கார்ந்தார்கள். அவர்கள் போராட்டம் வருடக்கணக்கில் நீண்டது. 'கடமை' என்ற சொல் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று கேட்டால் இந்த இரண்டு கிராமங்களைத்தான் காட்டுவேன். கேட்டால் கிடைக்கலாம், கேட்காவிட்டால் கிடைக்கவே கிடைக்காது.

இதே கதையின் இன்னும் துணிச்சலான வடிவம் இரணைதீவு. கிளிநொச்சிக் கரைக்கு எதிரே இரட்டைத் தீவு. மீனவக் குடும்பங்கள் 1992-ல் அங்கிருந்து கிளம்பி எதிர்க்கரையில் இரணைமாதா நகரில் இருந்தன. தீவு கடற்படையின் கையில். ஏறத்தாழ ஒரு வருடம் கரையில் போராடிப் பார்த்தார்கள். 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் ஏறித் தாங்களாகவே போய் இறங்கிவிட்டார்கள். நேரே தேவாலயத்துக்குப் போய்ச் செபம் செய்தார்கள். அடுத்த மாதமே அவர்கள் தங்கலாம் என்று அரசு ஒத்துக்கொண்டது. அரசு மக்களை மீள்குடியேற்றியதா, மக்கள் அரசுக்கு அதன் கடமையை நினைவூட்டினார்களா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இனி உங்கள் அம்மாவின் ஊருக்கு வருவோம். வலிகாமம் வடக்கில் 1990-ல் மக்கள் வெளியேறிய பிறகு பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றி 'உயர் பாதுகாப்பு வலயம்' உருவானது. இருபது வருடம் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியே நிறுத்திவைத்தது அது. போர்க்காலத்தில் அவசரகாலச் சட்டத்தைக் காட்டினார்கள். அந்தச் சட்டமும் 2011 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு தனியார் காணியை இராணுவம் என்ன சட்டத்தின்கீழ் வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு நேரான பதில் வேண்டியிருந்தது.

2013-ல் ஒரு பதில் தயாரித்தார்கள். காணி எடுத்தற் சட்டத்தின் 2-வது பிரிவின்கீழ் 6,381 ஏக்கரை அரச தேவைக்கு எடுக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். மரத்திலும் சுவரிலும் ஒட்டிய அந்தத் தாளில், உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்ற தொனி. உரிமையாளர்கள் எங்கே இருந்தார்கள்? பல பேர் அங்கேயிருந்து சில மைல் தள்ளி, மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகத்திலும், அரசே பதிவு செய்து நிவாரணம் கொடுத்த நலன்புரி நிலையங்களில். கிராம சேவையாளரிடம் ஒரு பட்டியல் கேட்டிருந்தால் போதும். ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் போனார்கள். முழு நிலத்தையும் சுவீகரிக்கும் அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. 2015-க்குப் பிறகு துண்டு துண்டாக விடுவிப்பு நடந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில், 27 வருடம் கழித்து, மீனவர்களிடம் திரும்பியது. ஆனால் உங்களைப் போன்றவர்களின் காணி இன்னும் மிச்சம்.

பாதுகாப்புத் தேவை என்று ஒன்று இருக்கவே கூடாதா? இருக்கலாம். விமான ஓடுதளத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நிலம் வேண்டும் என்றால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது: பொதுத் தேவையைக் காட்டு, ஆட்சேபம் கேள், நட்டஈடு கொடு. எந்த நாட்டு அரசும் செய்வதுதான். பாதுகாப்பு வலயத்துக்குள் இராணுவம் தோட்டம் செய்வதும், காங்கேசன்துறைக் கடற்கரையில் 'தல்செவன' விடுதியை நடத்துவதும் எந்தப் பாதுகாப்பில் சேரும்? காய்கறி வளர்க்க இடம் இருக்கிறதென்றால், அந்தக் காய்கறியைக் காணிக்காரனே வளர்க்கலாமே. தையிட்டியில் நடந்தது இன்னும் ஒரு படி மேலே. மக்கள் உள்ளே போக முடியாத காலத்தில் தனியார் காணியில் பௌத்த விகாரை எழும்பிவிட்டது. இப்போது காணியைக் கேட்டால் அது மத விவகாரம் ஆகிவிடுகிறது. விடுவிப்பைத் தள்ளிப்போடுவது சும்மா தாமதம் என்று நினைக்க வேண்டாம். தள்ளிப்போடும் காலத்தில் நிலத்தின் மேல் புது விஷயங்கள் முளைத்துவிடும்.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் வரவிருந்தது மின்நிலையமும் தொழிற்பேட்டையும். 2006 சண்டையில் வெளியேறிய மக்கள் கிளிவெட்டி முகாமில் கிடக்க, அவர்கள் நிலத்தில் 818 ஏக்கர் கனரகத் தொழில் வலயத்துக்கென 2012-ல் ஒதுக்கப்பட்டது. 2015-ல் புதிய ஜனாதிபதி அந்த வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தலை ரத்து செய்தார், மக்கள் திரும்பினார்கள். ஒரே ஒரு கையெழுத்து. ஒன்பது வருடமாக 'சிக்கலான பிரச்சினை' என்று சொல்லப்பட்டது ஒரு கையெழுத்தில் அவிழ்ந்தது என்றால், சிக்கல் நிலத்தில் இருக்கவில்லை.

இங்கே அரசு என்பது யார் என்ற கேள்வியும் வருகிறது. மீள்குடியேற்றத்துக்கென ஓர் அமைச்சு உண்டு; அதன் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறும். அந்த அமைச்சு வீடு கொடுக்கலாம், கிணறு வெட்டலாம், கடன் கொடுக்கலாம். வேலியைக் கழற்று என்று இராணுவத்துக்குச் சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. பிரதேச செயலர் படிவம் நிரப்பி மேலே அனுப்புவார். காணி யார் கையில் இருக்கிறதோ அந்தப் பாதுகாப்பு அமைச்சுக்கோ மீள்குடியேற்றம் வேலையே இல்லை. இப்படிக் கடமை ஒரு மேசையிலும் அதிகாரம் இன்னொரு மேசையிலும் இருக்க, மக்கள் நடுவில் அலைகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அரசு ஒன்றுதான். உள்ளே எத்தனை மேசை இருக்கிறது என்பது மக்களின் கவலை ஆகக்கூடாது.

அரசை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது நேர்மையாக இருக்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியது புலிகள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம், கையில் 500 ரூபாய். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். 2009-க்குப் பிறகு இவர்கள் 'பழைய இடம்பெயர்ந்தவர்' என்ற கட்டத்தில் போடப்பட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கே உதவி போதாத நிலையில் இவர்களின் முறை கடைசியாகத்தான் வந்தது. இதற்குள் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஒரு குடும்பமாகப் போனவர்கள் நாலு குடும்பமாகியிருந்தார்கள். விட்டுப்போன காணியில் காடு வளர்ந்திருந்தது, சில இடங்களில் வேறு ஆட்கள் இருந்தார்கள். துரத்தியது அரசு இல்லையே என்று அரசு கை கழுவ முடியுமா? முடியாது. இடப்பெயர்வை யார் செய்தார் என்பது குற்றப் பொறுப்புக்கான கேள்வி. திரும்ப வைப்பது யார் கடமை என்பதற்குப் பதில் எப்போதும் அந்த நாட்டின் அரசுதான். நம் ஆட்களில் சிலர் இராணுவத்தின் கையில் உள்ள காணி பற்றி உரத்துப் பேசிவிட்டு இந்த இடத்தில் மெல்லப் பேசுவதையும் கவனித்திருக்கிறேன்.

வேறு ஆட்கள் குடியிருந்தால் என்ன ஆகும்? இலங்கைச் சட்டத்தில் ஒருவர் தனியார் காணியைப் பத்து வருடம் எதிர்ப்பின்றித் தன்னுடையதாக ஆண்டுவந்தால் உரிமை கோரலாம். போரில் ஓடியவர் எப்படி எதிர்ப்பார்? இதற்காகவே 2016-ல் காலவிதிப்பு (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, போரால் தன் உரிமையைக் கேட்க முடியாமல் போனவருக்கு எதிராக எண்ணக் கூடாது என்றது. நல்ல சட்டம், தாமதமாக வந்த சட்டம். ஏழு வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது.

பெண்கள் தலைமை தாங்கும் வீடுகளில் சிக்கல் இன்னும் ஆழம். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் இறப்புச் சான்றிதழ் இல்லை. அதை எடுக்க மனம் ஒப்பாத பெண்கள் நிறையப் பேர். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, மணமான பெண் தன் பெயரில் இருக்கும் காணியையே விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அந்தக் கணவர் எங்கே என்று அரசிடமே அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். 2016-ல் கொண்டுவந்த 'காணாமற்போனமைச் சான்றிதழ்' ஓரளவு வழி திறந்தது. அரச காணியில் பெர்மிட்டோடு இருந்தவர்களுக்கு இன்னொரு தடை. 1935-ம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. அதைத் திருத்த 2022 வரை ஆனது. மீள்குடியேற்றம் என்றால் வீடு, மலசலகூடம், வீதி என்று மட்டும் நினைக்கிறவர்களுக்கு இந்தக் காகித வேலை தெரியாது. காகிதம் இல்லாதவருக்கு வீட்டுத்திட்டத்திலும் பெயர் வராது.

வீட்டுத்திட்டம் பற்றிச் சுருக்கமாக. இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டத்தில் பயனாளி தானே கட்டிக்கொள்ள 5,50,000 ரூபாய், வேலை நகர நகரத் தவணையாக. நல்ல முறைதான், தன் வீட்டைத் தானே கட்டுகிறவர் திருட மாட்டார். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியதும் மணலும் மேசன் கூலியும் ஏறின. மிச்சத்துக்கு நகை அடகும் வட்டிக்கடனும். வீடு எழும்பியது, கடனும் எழும்பியது. 2015, 2016 வாக்கில் அரசு 65,000 உருக்கு வீடுகளை இறக்கப்போவதாகச் சொன்னது, ஒன்று இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். வன்னி வெயிலில் உருக்குப் பெட்டி! அதே காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று எல்லாரும் கேட்ட பிறகு அது கைவிடப்பட்டது. கண்ணிவெடி அகற்றும் வேலையை மட்டும் தயங்காமல் பாராட்டலாம். அங்கே இராணுவமும் தொண்டு நிறுவனங்களும், முக்கியமாக அந்த ஊர்ப் பெண்களும், அங்குலம் அங்குலமாகக் காணியை மீட்டுத் தந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பற்றி ஒரு வார்த்தை. இந்தியா 1951 உடன்படிக்கையில் சேரவில்லை. முகாம்களின் பெயரை 2021-ல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, 317 கோடி ரூபாய் அளவில் புதிய வீடுகளுக்கும் உதவிகளுக்கும் ஒதுக்கியது. குடியுரிமை டெல்லியின் கையில். அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி தரும் 2019-ம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. திரும்பி வர விரும்பும் குடும்பத்தைப் பொறுத்தவரை இலங்கை அரசின் கடமை அப்படியே இருக்கிறது. எல்லை தாண்டியதால் அவர்கள் காணி உரிமை குறைவதில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளை இலங்கைக் குடிமக்களாகப் பதிய வைப்பதுதான் முதல் படி. அது செய்யாமல் கப்பல் விடுவதைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

'இவ்வளவு பேருக்கு எந்த அரசாலும் செய்ய முடியாது' என்ற வாதத்துக்குப் பஞ்சாப் நல்ல பதில். 1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த இந்து, சீக்கிய விவசாயிகள் விட்டுவந்த நிலம் அதிகம். கிழக்கில் முஸ்லிம்கள் விட்டுப்போன நிலம் குறைவு. மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை தாங்கிய தர்லோக் சிங், நிலத்தின் விளைச்சலை வைத்துத் 'தர ஏக்கர்' என்ற அளவை உருவாக்கினார். எல்லாருக்கும் இழந்ததைவிடக் குறைத்தே கொடுத்தார்: நிறைய வைத்திருந்தவருக்கு வெட்டு அதிகம், கொஞ்சம் வைத்திருந்தவருக்கு வெட்டு குறைவு. ஐந்து லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொருவர் சொன்ன கணக்கும் அவருடைய பழைய ஊர்க்காரர்கள் கூடியிருக்கும்போது சத்தமாக வாசிக்கப்பட்டது. பொய் சொன்னவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். 1949 நவம்பருக்குள் இரண்டரை லட்சம் ஒதுக்கீடுகள் முடிந்தன. கணினி இல்லாத, அப்போதுதான் பிறந்த ஒரு ஏழை அரசு இரண்டு வருடத்தில் செய்தது அது. அதே இந்திய அரசு வங்காளத்து அகதிகளிடம் காட்டிய மெத்தனமும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஆகவே முடியுமா முடியாதா என்பதைவிட, யாருக்காக முடியும் என்பதுதான் கேள்வி.

பொஸ்னியாவில் கிடைக்கும் பாடம் உங்களைப் போன்ற புலம்பெயர்ந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1995 டேட்டன் ஒப்பந்தத்தின் ஏழாவது இணைப்பு, திரும்பும் உரிமையையும் சொத்தை மீளப் பெறும் உரிமையையும் எழுதிவைத்தது. முதல் சில வருடம் ஒன்றும் நகரவில்லை, உள்ளூர் அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். பிறகு ஒரு மாற்றம் செய்தார்கள்: நீ திரும்பி வருகிறாயா இல்லையா என்று கேட்பதை விட்டுவிட்டு, சொத்து யாருடையது என்பதை மட்டும் பார்த்தார்கள். உரியவர் வந்து குடியிருக்கலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம். இரண்டு லட்சம் அளவிலான கோரிக்கைகளில் மிகப் பெரும்பான்மை 2000-களின் நடுப்பகுதிக்குள் தீர்ந்தது. நம் ஊரில் அடிக்கடி கேட்கும் 'அவங்கள் எல்லாம் லண்டனில இருக்கினம், காணி எதுக்கு?' என்ற கேள்வி சட்டத்துக்குப் பொருந்தாது. திரும்பி வராதவருக்கும் காணி அவருடையதே.

இந்தக் கேள்வியின் ஆபத்தை 2025 மார்ச்சில் பார்த்தோம். வடக்கில் நாலு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கும் மேலான நிலத்துக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லாவிட்டால் அரச காணியாகும் என்று வர்த்தமானி வந்தது. காணி உறுதி (பத்திரம்) எரிந்துபோனவர், அகதியாக வெளிநாட்டில் இருப்பவர், பங்காளிகள் நாலு நாட்டில் சிதறியவர் மூன்று மாதத்தில் எப்படி வருவார்? கடும் எதிர்ப்பு எழுந்தது, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜூனில் இடைக்காலத் தடை வந்தது. அடுத்த அறிவித்தல் எந்த வருடம், எந்தப் பெயரில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் உங்களுக்கு நடைமுறையில் சொல்ல விரும்புவது. உறுதி தொலைந்திருந்தால் பதற வேண்டாம். உறுதி எழுதும் நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அங்கே உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கம் தெரியாவிட்டாலும் காணியின் பெயரையும் உரிமையாளர் பெயரையும் வைத்துத் தேட முயலலாம். பழைய சோலைவரி (சொத்து வரி) பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்பு, முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பிறகு, தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம்: இந்தக் காணி சுவீகரிக்கப்பட்டிருக்கிறதா, ஆம் என்றால் எந்தப் பிரிவின்கீழ், எந்தத் தேதியில்? 14 வேலை நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். 'சுவீகரிக்கப்படவில்லை' என்று எழுத்தில் வந்துவிட்டால் அதுவே உங்கள் கையில் இருக்கும் பலமான தாள். காணி உங்களுடையது, அதில் வேறொருவர் சும்மா இருக்கிறார் என்று அரசே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

இன்னொன்று, இதை முதலில் செய்யுங்கள். விடுவித்த இடங்களில் பலர் போய்ப் பார்த்தபோது வீடு இல்லை, கிளுவை வேலி இல்லை, ஒழுங்கைகூட இல்லை. எல்லாம் தள்ளி மட்டமாக்கப்பட்டிருந்தன. கிணற்றையும் தப்பி நின்ற ஒரு வேம்பையும் வைத்துத்தான் தங்கள் வளவைக் கண்டுபிடித்தார்கள். நம் உறுதிகளில் காணிக்குப் பெயர் இருக்கும், இத்தனை பரப்பு இத்தனை குழி என்று இருக்கும், நாலு எல்லையும் பக்கத்துக் காணிக்காரர் பெயரால்தான் இருக்கும். கிழக்கே இன்னார், தெற்கே ஒழுங்கை என்று. அந்த இன்னார் யார், அவர் பிள்ளைகள் இப்போது எந்த நாட்டில் என்பது உங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும். ஒரு தாளில் வளவைக் கீறச் சொல்லி, கிணறு எங்கே, படலை எந்தப் பக்கம், மாமரம் எத்தனை என்று கேட்டு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.